மேற்படி நாய் உயிருடன் உள்ளது

நாயைக் கொல்வதா வேண்டாமா என்று சர்வேயர் ஒரு கமாவுக்குள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

புத்தகத்தில் நாய் செத்துத்தான் போகிறது. சதுப்பு நிலத்தில் கால் புதைந்து, கரையில் நிற்கும் பெண்ணைப் பார்த்தபடியே, வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு முங்கிப் போகிறது. எழுதிய மகானுபாவன் அந்த வாலுக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தான். சத்தமாக வாசித்துக்கொண்டே வந்த சர்வேயர், "நாய் மெல்ல மெல்ல," என்ற இடத்தில் தலையை நிமிர்த்திக் கட்டிலைப் பார்த்தார். குப்புறப் படுத்திருந்த மாமியாரின் தோள் லேசாகக் குலுங்கியது.

"மெல்ல மெல்ல," என்றார் மறுபடியும்.

"ம்?" என்றது தலையணை.

"மெல்ல மெல்ல மேலே ஏறி வந்துவிட்டது. மேற்படி நாய் உயிருடன் உள்ளது."



"நல்லதாப் போச்சு மாப்பிள்ளை. மேல படிங்க," என்றது.

மாமியார் குப்புறப் படுத்திருந்ததற்குக் காரணம் கண். விழித்திரை கிழிந்து, ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை அடைத்து அனுப்பியிருந்தார்கள். அந்தக் குமிழி மேலே எழும்பி, ஒட்டவைத்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பிடவும் பாத்ரூம் போகவும் எழுந்திருக்கலாம், அப்போதும் தலை குனிந்தபடியே. மற்ற நேரமெல்லாம் நடுவில் ஓட்டை போட்ட ஒரு தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வையாளர். குரலைக் கேட்டே ஆள் புளுகுகிறானா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்று பெயர். அவர் எதிரில் சர்வேயர் கல்யாணமான நாளிலிருந்தே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் ஒரு சிஸ்டர் வீட்டுக்கு வந்து, சொட்டு மருந்து விட்டு, கண்ணைப் பரிசோதித்துவிட்டுப் போவார். சர்வேயரை முதல் நாளே வாசலில் நிறுத்தி எச்சரித்திருந்தார்.

"இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கியமா அழக் கூடாது சார். குலுங்கிக் குலுங்கி அழுதாங்கன்னா ஒட்டின இடம் விட்டுடும். அப்புறம் பார்வைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது."

"அவங்க அழற டைப் இல்ல சிஸ்டர்."

"எல்லாரும் அழற டைப்தான் சார். குப்புறப் போட்டுப் பாருங்க, தெரியும்."

சர்வேயரின் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளுடைய லீவு தீர்ந்ததும் பொறுப்பு இவர் தலையில் வந்து விழுந்தது. "எழுந்து உக்காரலாம்னு சிஸ்டர் சொல்ற வரைக்கும் நீங்க லீவு போட்டுட்டு கூடவே இருங்க. அம்மா கண்ணு உங்க கையிலதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள். மாமியாரோடு தனியாக ஒரு பகல் முழுக்க என்ன பேசுவது என்று சர்வேயர் விழித்துக்கொண்டிருந்தபோது தலையணையே வழி சொன்னது.

"அலமாரியில கறுப்பு அட்டை போட்டு ஒரு தடிப் புஸ்தகம் இருக்கும் மாப்பிள்ளை. எடுத்துப் படிங்களேன், கேக்கறேன்."

பயங்கர நாவல்களில் இதற்கு மிஞ்சியது இல்லை என்று முன்னுரையில் ஒருவர் சத்தியம் செய்திருந்தார். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஒரு கல் மாளிகை. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், அவருடைய அக்காவான ஒரு பெரியம்மா, ஒரு தோட்டக்காரர், ஒரு நாய். அங்கே பியானோ சொல்லிக்கொடுக்க வந்து சேரும் அநாதைப் பெண் ஒருத்தி. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நாவல் பக்கமே போகாத சர்வேயர், கடைசி அத்தியாயங்களின் தலைப்புகளை மட்டும் புரட்டிப் பார்த்தார். எல்லாரும் வரிசையாகப் போய்ச் சேருகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்தது.

அவர் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ விபத்துகளை மதிப்பிடுகிறவர். எரிந்த வீட்டுக்குப் போய், எங்கே பிடித்தது, எப்படிப் பரவியது, யாருடைய அலட்சியம் என்று அறிக்கை எழுதுவது வேலை. அதனால் அவரால் அந்த மாளிகையை மற்றவர்கள் பார்ப்பதுபோல் பார்க்க முடியவில்லை. சுவரெல்லாம் ஈரம். மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. திரைச்சீலைக்குப் பக்கத்திலேயே மெழுகுவர்த்தி. இந்த லட்சணத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, சாவு வந்தால் மட்டும் விதி என்று ஒப்பாரி வைத்தால் எப்படி என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

நாயைக் காப்பாற்றியதோடு விஷயம் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த அத்தியாயத்தில், நீதிபதி இருட்டில் பதுங்கி வருகிறார். குரைக்க நாய் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. சர்வேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நாய்க்குத் தொண்டை கட்டியிருந்ததால் அது குரைக்கவில்லை."

"நாய்க்குத் தொண்டை கட்டுமா மாப்பிள்ளை?"

"சதுப்பு நிலத்துக் காத்து அத்தை. ஒத்துக்காது."

"ஓ."

தோள் மறுபடியும் குலுங்கியது. நாய் புதைந்தபோது குலுங்கியதைவிட இது அதிகம். நாய்க்குத் தொண்டை கட்டியதற்கே இப்படிக் கலங்குகிறவர், மனிதர்கள் சாகும்போது என்ன ஆவார் என்று சர்வேயர் பயந்துபோனார். இனி ஒருவரையும் சாகவிடுவதில்லை என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தார்.

ஆகவே, விஷம் கலந்த பானத்தைக் குடித்த தோட்டக்காரருக்கு வயிற்றுக் கோளாறு மட்டும் ஏற்பட்டது. பெரியம்மாவும் படியிலிருந்து விழுந்தார். புத்தகத்தில் அத்தோடு அவர் கதை முடிந்தது. சர்வேயரின் வாயில் அது வேறு மாதிரி வந்தது.

"மேற்படி பெரியம்மா படியில் வழுக்கியதில் கணுக்காலில் லேசான சுளுக்கு உண்டாயிற்று. வேறு சேதம் எதுவும் இல்லை."

பதற்றத்தில் அவருக்கு அறிக்கை நடைதான் வந்தது. வேறு நடை அவருக்குத் தெரியாது.

கஷ்டம் அதற்கப்புறம்தான் தொடங்கியது. செத்துப் போன பெரியம்மா நாவலில் ஆவியாக வர வேண்டியவர். வெள்ளை உடுப்போடு மாடி ஜன்னலில் தோன்றி, அந்தப் பெண்ணைப் பயத்தில் உறைய வைக்க வேண்டியவர். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு அந்த ஆவியை நம்பித்தான் கதையே நகர்கிறது.

"பெரியம்மாவுக்குத் தாகமாக இருந்ததால் தண்ணீர் குடிக்க எழுந்து வந்திருந்தார். இதில் பயப்படும்படி எதுவும் இல்லை," என்று வாசித்தார் சர்வேயர்.

"கால் சுளுக்கிட்டு எப்படி மாடி ஏறினாங்க?"

"தோட்டக்காரர் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனார்."

"அவருக்கு வயிறு சரியில்லன்னீங்களே?"

"இப்ப பரவால்ல அத்தை."

காப்பாற்றியாகிவிட்டது, காப்பாற்றப்பட்டவர்களை எங்கே வைப்பது? வாசிப்பு இரண்டாவது வாரத்துக்குள் நுழைந்த பிறகு, தெரு முழுக்க வெயிலடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியான வேளையில், "அவள் அந்த மாளிகையில் தன்னந்தனியாக நடந்தாள்," என்ற வரி அவர் முன்னால் வந்து நின்றது. நேர்மையான மனிதர். கணக்கில் உள்ள ஆட்களை அவரால் மறைக்க முடியவில்லை.

"அவளும் பெரியம்மாவும் தோட்டக்காரரும் நாயும் அந்த மாளிகையில் தன்னந்தனியாக நடந்தார்கள்."

கட்டிலே ஆடியது. தலையணைக்குள்ளிருந்து மூச்சுத் திணறுவது போல ஒரு சத்தம் வந்தது.

"அத்தை! தண்ணி தரட்டுமா? போதும், நிறுத்திடறேன்."

"நிறுத்தாதீங்க," என்றார் மாமியார், அடைத்த குரலில். "நிறுத்தினீங்கன்னாதான் எனக்கு என்னமோ ஆயிடும்."

அன்று சிஸ்டர் வந்து கதவைச் சாத்திக்கொண்டு கண்ணைப் பார்த்தார். வெளியே வந்தவர் முகம் இறுகியிருந்தது.

"ரொம்பக் குலுங்கியிருக்காங்க போலிருக்கே. என்ன நடக்குது இங்க?"

"கதை படிக்கறேன் சிஸ்டர். ஆனா சோகமே இல்லாமதான் படிக்கறேன்."

"சோகமே இல்லாமலா?" சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. இன்னும் கொஞ்ச நாள் குப்புறவே படுக்கட்டும்."

சாயங்காலம் மனைவி வந்து அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தலையணை உற்சாகமாகக் கதை சொல்லிக்கொண்டிருப்பது சமையலறைக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மனைவி சமையலறைக்கு வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். கல்லூரியில் படிக்கும்போது அந்த நாவலைப் படித்துவிட்டு ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தவள் அவள்.

"பெரியம்மா உயிரோட இருக்காங்களா?"

"மெதுவாப் பேசு."

"தோட்டக்காரருக்கு வயித்துப்போக்கா?"

"அழக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. நான் வேற என்ன பண்றது?"

"என்னங்க இது, அது எவ்வளவு பெரிய நாவல்! அதை வேற ஒருத்தர் எழுதியிருக்காருங்க." அவள் குரல் சட்டென்று இறங்கியது. "அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பக்கத்துல உக்காந்துக்கிட்டு அம்மா அந்தப் புஸ்தகத்தைத்தான் படிச்சிட்டிருந்தாங்க. அப்பா போனதுக்கப்புறம் அதைத் தொடவே இல்ல. இத்தனை வருஷம் கழிச்சு, மிச்சத்தைக் கேக்கணும்னு இப்பதான் தோணியிருக்கு. அதுல போய் விளையாடறீங்களே."



"எது வரைக்கும் படிச்சிருந்தாங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"நாய் வரைக்கும் படிச்சிருந்தாங்கன்னா?"

மனைவி கரண்டியை எடுத்துப் பாத்திரத்தில் இருந்ததைத் தேவைக்கு மேல் கிளறினாள்.

மறுநாள் காலை சர்வேயர் மனசைக் கல்லாக்கிக்கொண்டார். உண்மையைப் படித்தால் கண்ணுக்கு ஆபத்து. பொய்யைப் படித்தால் அந்த அம்மாள் இத்தனை வருஷம் காத்திருந்ததற்குத் துரோகம். இரண்டில் பொய்தான் அதிகமாக உறுத்தியது.

"அத்தை, இதுவரைக்கும் படிச்சதுல சின்னதா ஒரு திருத்தம் இருக்கு."

"என்ன திருத்தம்?"

"நாய் விஷயமா..."

வாசல் மணி அடித்தது. சிஸ்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சர்வேயர் வெளியே நின்றார். உள்ளேயிருந்து மாமியாரின் குரல் தொடர்ந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் விம்மல் மாதிரி ஒரு சத்தம். கூடவே இன்னொன்று. இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று தெரிந்ததும் சர்வேயர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டரே அழுகிறார் என்றால் கண் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

சிஸ்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சர்வேயரின் முகத்தைப் பார்க்காமல் பையை மூடினார்.

"எப்படி இருக்கு சிஸ்டர்? மறைக்காம சொல்லுங்க."

"இன்னும் கொஞ்ச நாள் படுக்கட்டும் சார்." செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "புஸ்தகம் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு?"

அந்தக் கேள்வி குற்றச்சாட்டாகவே அவர் காதில் விழுந்தது.

"முடியப் போகுது."

"அப்படியா," என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போய்விட்டார்.

திருத்தம் சொல்கிற தைரியம் அத்தோடு போய்விட்டது. மாமியார் தூங்கட்டும் என்று விட்டுவிட்டு, சர்வேயர் அடுப்பில் பாலை வைத்து, நின்றபடியே கடைசி அத்தியாயங்களைத் தனக்காகப் படித்தார். எந்த இடத்தில் எந்தப் பொய்யைச் சொருகுவது என்று பார்க்கத்தான் தொடங்கினார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

முதலில், தான் அலட்சியமாகத் தாண்டிப் போன பெரியம்மாவின் சாவைத் திரும்பிப் போய்ப் படித்தார். படி இறங்குவதற்கு முன்னால் அந்தப் பெரியம்மா, தூங்கிக்கொண்டிருக்கும் பெண்ணின் அறைக்குப் போய் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு வருகிறார், திரைச்சீலை பற்றிக்கொள்ளக் கூடாதே என்று. அதனால்தான் படி இருட்டாக இருந்தது. அதனால்தான் விழுந்தார். 'லேசான சுளுக்கு' என்று தான் வாசித்தது நினைவுக்கு வந்ததும் சர்வேயர் கூசிப் போனார்.

பிறகு தீ. நீதிபதி தன் கையாலேயே மாளிகைக்குத் தீ வைக்கிறார். ஈரச் சுவர் இப்படிப் பற்றாது, கூரை இவ்வளவு சீக்கிரம் விழாது என்று முனகிக்கொண்டே படித்தவர், நடுவில் முனகுவதை நிறுத்திவிட்டார். தப்பி வெளியே வந்துவிட்ட அந்தப் பெண், யாரோ கூப்பிட்டது போலிருக்கவே திரும்பி உள்ளே ஓடுகிறாள். கூப்பிட அங்கே யாரும் மிச்சமில்லை. விடிந்த பிறகு ஊரார் வந்து, உள்ளே எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். சொல்ல ஒருவரும் இல்லை. அத்தோடு நாவல் முடிகிறது.

சர்வேயர் சமையல் மேடையில் சாய்ந்து நின்றார். உள்ளே எத்தனை பேர்: எரிந்த இடத்துக்குப் போனதும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். இதை எழுதினவன் கரி நாற்றத்தில் நின்றிருக்கிறான், சந்தேகமே இல்லை. அவனைக் கும்பிடவும் தோன்றியது, சட்டையைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது. இத்தனை தெரிந்தவன் ஒரே ஒரு ஆளையாவது வெளியே கொண்டு வந்திருக்கக் கூடாதா? அவரும்தான் என்ன செய்தார்? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, தீ அணைந்து எல்லாம் ஆறின பிறகுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருக்கிறார். ஒருவரைக்கூட அவர் வெளியே கொண்டு வந்ததில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாலையும் துடைத்தார்.

சாயங்காலம் கடைசி அத்தியாயத்தை எடுத்தபோது மனைவி சீக்கிரம் வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் வந்துபோன சிஸ்டர், கையுறையை மறந்துவிட்டதாகச் சொல்லி மறுபடியும் வந்து கதவோரம் நின்றார். கையுறையைத் தேடியதாகத் தெரியவில்லை.

சர்வேயர் மாளிகைக்குத் தீ வைத்தார். அதை மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே, ஒரு வரி விடாமல் படித்தார். புகை மாடிப்படிக்கு வந்தது. கண்ணாடிகள் வெடித்தன. பிறகு புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார். தான் கவிழ்த்தது அவருக்கே தெரியவில்லை.

"புகை மேலதான் போகும். அதனால எல்லாரும் தரையோட தரையா தவழ்ந்து வந்தாங்க. ஈரத்துணியை மூக்குல கட்டிக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு முன்னால, தோட்டக்காரர் பின்னால. பெரியம்மாவால நடக்க முடியல, அவங்களை ஒரு போர்வையில வெச்சு இழுத்துட்டு வந்தாங்க. பின்கட்டுக் கதவுல தாழ்ப்பாள் சரியில்ல, நல்லவேளை, ஒரு உதை விட்டதும் திறந்துக்கிச்சு. நாயும் வந்திடுச்சு. வெளியே வந்து அந்தப் பொண்ணு எல்லாரையும் எண்ணிப் பாத்தா. ஒருத்தர்கூட விட்டுப்போகல."

அவர் குரல் உடைந்தது.  தோள் குலுங்கவில்லை. 

"நீதிபதி?" என்று கேட்டார் மாமியார்.

"அந்த ஆள்தானே தீ வெச்சார். உள்ளேயே இருக்கார் அத்தை."

"அவரையும் கொண்டு வந்துடுங்க மாப்பிள்ளை."

சர்வேயருக்கு அந்த மனிதனைப் பிடிக்கவே இல்லை.  கூரை எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டார்.

"தோட்டக்காரர் திரும்பிப் போய் அவரையும் தூக்கிட்டு வந்துட்டார். தலைமுடி கொஞ்சம் பொசுங்கினதோட சரி. ஊரார் வந்து உள்ள எத்தனை பேர்னு கேட்டாங்க. யாருமே இல்லன்னு சொன்னாங்க. முற்றும்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டு மூக்கை உறிஞ்சினாள். இத்தனை பெரிய நாவலை இப்படிக் கெடுத்ததற்கு அவள் ஏதாவது சொல்லுவாள் என்று சர்வேயர் எதிர்பார்த்தார். அதற்குள் தலையணைக்குள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. அழுதுவிட்டார், ஒட்டின இடம் விட்டுவிட்டது, எல்லாம் தன்னால்தான் என்று சர்வேயர் பதறிப் போய் எழுந்தார்.

"சிஸ்டர், கொஞ்சம் கண்ணைப் பாருங்களேன்!"

சிஸ்டர் அசையவில்லை. கதவோரத்தில் நின்றபடியே மூக்கைத் துடைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்துச் சொன்னார்:

"கதைதான் முடிஞ்சிடுச்சேம்மா, எழுந்து உக்காருங்க, கண்ணு போன வாரமே சரியாயிடுச்சுன்னு மாப்பிள்ளை சார்கிட்ட இனிமேலாவது சொல்லிடலாம்ல?"